மேல் பிட்டுகளை எப்போது நிரப்புவது: உடனேயா, தேவைப்படும்போதா?

வியாசர்பாடியில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஞாயிறுதோறும் இரண்டு பேர் உட்கார்ந்து, சி மொழியின் ஒரு பகுதிக்குக் கம்பைலர் (நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) எழுதி வருகிறோம். இலக்கு ரிஸ்க்-ஃபைவ் என்ற செயலிக் கட்டளைத் தொகுப்பு. சென்னை ஐஐடியின் சக்தி செயலியும் அந்தக் குடும்பம்தான் என்பதால் எங்களுக்கு அதன்மேல் தனி ஆசை. கட்டளைகளை உருவாக்கும் பகுதியான பேக்எண்டில் வந்த ஒரு கேள்வியில் பல வாரம் ஓடிவிட்டது: செயலிக்குள் எண்ணை வைக்கும் 64 பிட் ரிஜிஸ்டரில் 8 பிட் எண்ணை வைத்தால், மீதி 56 பிட்டில் என்ன இருக்க வேண்டும்?

மதிப்பு உருவாகும் இடத்திலேயே சைன் எக்ஸ்டென்ஷன், அதாவது எண்ணின் கூட்டல்-கழித்தல் குறியைச் சொல்லும் பிட்டாலேயே மேல் பிட்டுகளை எல்லாம் நிரப்புவது, செய்துவிட வேண்டும் என்பது என் கட்சி. கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "மேல் பிட்டை யாருமே பார்க்கலையேண்ணா, இப்பவே எதுக்குத் தொடணும்? பார்க்கிற இடத்துல நிரப்பிக்கலாம்." காசிமேட்டிலேயே மீனை வெட்டி வாங்கி வருவதா, முழுசாகக் கொண்டுவந்து குழம்பு வைக்கும்போது வெட்டுவதா என்ற கணக்குதான்.

அவன் பக்கத்து நியாயம் சின்னதல்ல. கூட்டல், கழித்தல், பெருக்கல், இடது ஷிஃப்ட் எல்லாவற்றிலும் விடையின் கீழ் 8 பிட், உள்ளே வரும் எண்ணின் கீழ் 8 பிட்டை மட்டுமே பொறுத்தது. மேலே குப்பை இருந்தாலும் கீழே இறங்காது. 8 பிட்டாகச் சுருக்க ஒரு கட்டளைகூட வேண்டாம். என் வழியில், அடிப்படை ரிஸ்க்-ஃபைவில் ஒவ்வொரு சுருக்கலுக்கும் இரண்டு கட்டளை: 56 இடம் இடப்பக்கம் தள்ளி, குறி காக்கும் ஷிஃப்டால் 56 இடம் வலப்பக்கம் கொண்டுவர வேண்டும். நாலு கூட்டல் முடிந்து விடை ஒரு பைட்டாக மெமரிக்குப் போவதாக இருந்தால், அந்த உழைப்பு மொத்தமும் வீண்.

ஆனால் வகுத்தல், மீதி, வலது ஷிஃப்ட், ஒப்பீடு, அகலமான வகைக்கு மாற்றுவது ஆகியவை மேல் பிட்டைப் பார்க்கும். ஒரு இடத்தில் மறந்தால் போதும். 100-ஐயும் 100-ஐயும் கூட்டி, குறியுள்ள 8 பிட்டாகச் சுருக்கி, 2-ஆல் வகுத்தோம். 200 என்பது 8 பிட்டில் -56; விடை -28 வர வேண்டும். எங்களுக்கு 100 வந்தது. தப்பு ஓரிடம், அது தெரிவது வேறிடம். இரண்டு ஞாயிறு தேடினோம். அப்புறம் இன்னொன்று: லூப்புக்குள் ஒரே மாறியைத் திரும்பத் திரும்ப ஒப்பிட்டால், தம்பியின் வழியில் ஒவ்வொரு சுற்றிலும் நிரப்ப வேண்டிவரும். என் வழியில் லூப்புக்கு வெளியே ஒரே தடவை.

32 பிட்டுக்கு வந்தால் ரிஸ்க்-ஃபைவ் என் கட்சிக்குச் சாதகம். டபிள்யூ என்று முடியும் 32 பிட் கட்டளைகள் விடையைத் தாமே சைன் எக்ஸ்டென்ட் செய்து தருகின்றன. ஃபங்ஷன் அழைப்பு விதியும் 32 பிட் எண்களை, குறியில்லாதவற்றையும்கூட, அதேபோல் விரித்து வைக்கச் சொல்கிறது. 4000000000 ரிஜிஸ்டரில் -294967296 போல உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் பயமாக இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விரிவதால் குறியில்லா ஒப்பீட்டில் வரிசை மாறாது. 64 பிட்டுக்கு அகலப்படுத்தும்போது மட்டும் மேல் பாதியைப் பூஜ்யமாக்க வேண்டும்.

ஃபோன்களில் இருக்கும் ஆர்ம் 64 செயலிகளில் தம்பி ஜெயிக்கிறான். அங்கே 32 பிட் ரிஜிஸ்டரில் எழுதினால் மேல் பாதி பூஜ்யமாகிவிடும். எதிர்ம இன்டெக்ஸை அப்படியே முகவரியில் கூட்டினால் -1 என்பது 4294967295 ஆகிவிடும். ஆனால் கூட்டல் கட்டளைக்குள்ளேயே, முகவரிக் கணக்கிலும்கூட, சைன் எக்ஸ்டென்ஷனைச் சேர்த்து எழுதலாம். பயன்படுத்தும் இடத்தில் நிரப்பத் தனிக் கட்டளை தேவைப்படுவதில்லை. இன்டெல், ஏஎம்டி செயலிகளின் எக்ஸ்86-64-இலும் மேல் பாதி பூஜ்யமாகும். நிரப்பத் தனிக் கட்டளை வேண்டும்.

ரிஸ்க்-ஃபைவுக்கு என் வழியையே எடுத்துக்கொண்டோம், தம்பியின் கவலைக்கும் இடம் வைத்து. ஒவ்வொரு மதிப்போடும் "எத்தனை பிட்டிலிருந்து ஏற்கெனவே விரிந்திருக்கிறது" என்ற குறிப்பு போகும். மெமரியிலிருந்து குறியுள்ள பைட்டாக ஏற்றியது விரிந்தே வருவதால், அதை மறுபடி விரித்தால் ஒரு பாஸ் (கோட் முழுவதையும் ஒருமுறை பார்த்துத் திருத்தும் சுற்று) நீக்கிவிடும். இன்னொரு பாஸ் கோடின் கடைசியிலிருந்து முன்னால் வரும். கீழ் 8 பிட் மட்டுமே கேட்கிற ஸ்டோருக்கு (மெமரியில் எழுதும் கட்டளை) முன்னால் உள்ள விரிப்பை அது எடுத்துவிடும். முதலில் சரியான கோட், அப்புறம் குறைப்பது.

இப்போது 8 பிட் வகுத்தலுக்கு, பூஜ்யத்தால் வகுப்பதை விட்டு, 65,280 ஜோடியையும் ஒன்றுவிடாமல் ஓட்டிப் பார்க்கிறோம்.