அம்மா இருந்த நர்சிங் ஹோமும் அங்கிருந்த எல்பிஎன் நர்சுகளும்

இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மா நியூ ஜெர்சியில் ஒரு நர்சிங் ஹோமில், அதாவது தங்கிப் பராமரிப்புப் பெறும் இல்லத்தில், 3 வாரம் இருந்தார். அங்கே அவரைத் தினமும் பார்த்துக்கொண்டவர்கள் எல்பிஎன் (லைசென்ஸ்டு பிராக்டிகல் நர்ஸ்) நர்சுகள்தான். ஏறக்குறைய ஒரு வருடப் படிப்பு, அப்புறம் என்கிளெக்ஸ்-பிஎன் தேர்வு; தேறினால்தான் உரிமம். டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் இவர்களையே எல்விஎன் (லைசென்ஸ்டு வொகேஷனல் நர்ஸ்) என்பார்கள். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது எல்லாம் சிஎன்ஏ எனப்படும் சான்றிதழ் பெற்ற நர்சிங் உதவியாளர் வேலை. முதல் மதிப்பீடும் பராமரிப்புத் திட்டமும் எல்பிஎன்னுக்கு மேல்நிலையில் உள்ள ஆர்என் (ரெஜிஸ்டர்டு நர்ஸ்) பொறுப்பு. மாத்திரை, இன்சுலின், காயத்துக்குக் கட்டு மாற்றுவது எல்பிஎன் கையில்.

காலை ஷிப்ட் நர்சை மறக்கவே முடியாது. மாத்திரை வண்டியை வாசலில் நிறுத்தி, கைப்பட்டையில் பெயரைச் சரிபார்த்து, விரல் நுனியில் சர்க்கரை பார்த்த பிறகுதான் ஊசியை எடுப்பார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்பதால் என்னிடம் கேட்டு 'வலி' என்ற சொல்லைக் கற்றுக்கொண்டார். நான்காம் நாள் கட்டு மாற்ற வந்தவர் போர்வையை விலக்கியபோது குதிகாலில் லேசான சிவப்பைக் கண்டார். விரலால் அழுத்திப் பார்த்தார், சிவப்பு மறையவில்லை; படுக்கைப்புண் வரப்போவதன் அறிகுறி அது. உடனே ஆர்என்னை அழைத்துக் காட்டினார். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் படுக்கையில் படாமல் செய்தார். அது புண்ணாகாமல் தப்பியது அவரால்தான்.

குறை என்றால், வார இறுதி இரவுகளில் ஆள் போதாது. ஒருமுறை வலி மாத்திரைக்கு அம்மா 40 நிமிடம் காத்திருந்தார். அந்த நர்ஸ் மூச்சுவாங்க ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். தவறு அவருடையது அல்ல, ஆள் போடாத நிர்வாகத்துடையது. எங்கே சேர்த்தாலும், இரவில் ஒரு நர்சுக்கு எத்தனை நோயாளிகள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.