57 அடி நாரோபோட், ஒரு வீடாக: இங்கிலாந்துக் கால்வாயிலிருந்து ஒரு மதிப்புரை

இங்கிலாந்தின் கால்வாய்களில் மிதக்கும் நீண்டு ஒடுங்கிய எஃகுப் படகுக்கு நாரோபோட் என்று பெயர். நான் இங்கே மதிப்பிடுவது, பழைய படகாக வாங்கி முழுநேர வீடாகவே வைத்திருக்கும் 57 அடி நாரோபோட் ஒன்றை. லண்டன் வாடகைக்கு அஞ்சி, “படகு வாங்கிவிட்டால் செலவு குறையுமா?” என்று கேட்கும் நம்மவர்கள் பலர் இருப்பதால், முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு என்ற அளவில் இது எனக்கு முழு நிறைவைத் தந்திருக்கிறது; ஆனால் வாடகையை மிச்சம்பிடிக்கும் வழியாக மட்டும் இதைப் பார்க்கிறவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படகின் அகலம் 6 அடி 10 அங்குலம். 18ஆம் நூற்றாண்டில் டிரென்ட் அண்ட் மெர்சி கால்வாயை வகுத்த ஜேம்ஸ் பிரிண்ட்லி, நீர்மட்டத்துக்கேற்பப் படகை ஏற்றி இறக்குவதற்கான லாக் எனப்படும் கதவடைத்த நீர்த்தொட்டிகளை ஏறத்தாழ 7 அடி அகலத்தில் கட்டினார். அந்த அளவுதான் இன்றுவரை இங்கிலாந்தின் நடுப்பகுதியான மிட்லண்ட்ஸின் குறுகிய கால்வாய்களில் செல்லும் ஒவ்வொரு படகின் அகலத்தையும் தீர்மானிக்கிறது. நீளத்தில் 72 அடி வரை போகலாம் என்றாலும், அந்த அளவுப் படகு வடக்கே சில லாக்குகளுக்குள் நுழையாது. கால்டர் அண்ட் ஹெபிள் போன்ற வழித்தடங்களின் குட்டையான லாக்குகளிலும் 57 அடிப் படகு புகுந்து வந்துவிடும் என்பதால், ஊர் ஊராகப் போய்வர விரும்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த நீளத்தையே தேர்கிறார்கள். முன்தளம், பின்தளம், இன்ஜின் அறை ஆகியவற்றைக் கழித்தால் வாழ்வதற்கு மிஞ்சுவது 40 அடி நீளம். உட்சுவர் பலகைகளுக்கு இடையே 6 அடிக்குச் சற்றே கூடுதலான அகலம். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஒருவருக்கு இது தாராளம்; ஒத்துப்போகும் இருவருக்குப் போதும்; வளரும் குழந்தைகள் உள்ள குடும்பத்துக்குப் போதாது.

படகு வாங்க வருகிறவர்கள் முதலில் சமையலறையையும் படுக்கையையும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது நீருக்கு அடியில் இருக்கும் எஃகை. புதுப் படகுகளில் அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கத்தகடு 6, கூரை 4 என்ற கணக்கு வழக்கத்தில் இருக்கிறது. துரு இந்தத் தடிமனை வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் அரிக்கிறது. பழைய படகின் அடித்தகடோ பக்கத்தகடோ எந்த இடத்திலாவது 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் பல காப்பீட்டு நிறுவனங்கள் முழுக்காப்பீடு தரத் தயங்கும்; மேல்தகடு ஒட்டி வெல்டிங் செய்ய வேண்டிவரும், அதற்கு ஆயிரக்கணக்கான பவுண்டு ஆகும். இந்த அரிப்பைத் தடுக்க, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை படகை நீரிலிருந்து எடுத்து, பாசியையும் துருவையும் உயரழுத்த நீரால் பீய்ச்சிக் கழுவி, நன்கு உலரவிட்டு, கறுப்புப் பிட்டுமின் பூச வேண்டும். இதற்கு இங்கே பிளாக்கிங் என்று பெயர். இரட்டைக் கலவை எபாக்சி பூச்சு அதைவிட நெடுநாள் நிற்கும், விலையும் கூட. ஒரு படகுத் துறையில் என் படகைக் கழுவிய மறுநாள் காலையிலேயே, எஃகின் ஈரம் காயும் முன், பூச்சு அடித்துவிட்டார்கள். அடுத்த குளிர்காலம் முடிவதற்குள் நீர்மட்டக் கோட்டை ஒட்டி அது தோல் தோலாக உரிந்து வந்தது. எந்தத் துறையில் கொடுத்தாலும், கழுவுவதற்கும் பூசுவதற்கும் இடையே எத்தனை நாள் விடுவார்கள், கூரை உண்டா என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது அவசியம்.

பூச்சோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியது அனோடு. படகின் வெளிப்புறத்தில், முன்னும் பின்னும் மெக்னீசியக் கட்டிகளை வெல்டிங் செய்திருப்பார்கள். எஃகு கரைவதற்கு முன் அவை கரைந்து அதைக் காக்கின்றன. கடலுக்குரிய துத்தநாகக் கட்டிகள் இந்த நன்னீரில் சரியாக வேலை செய்யாது. மரினா எனப்படும் படகு நிறுத்துமிடத்தில் நின்று கரை மின்சாரத்தை இணைக்கிறவர்களுக்கு இன்னோர் ஆபத்து உண்டு. இணைப்பின் எர்த் கம்பி வழியே பக்கத்துப் படகுகளின் எஃகும் உங்கள் எஃகும் ஒரே மின்சுற்றாகிவிடுவதால், உங்கள் அனோடுகள் அவர்களுக்காகவும் கரையத் தொடங்கும். கால்வானிக் ஐசோலேட்டர் என்னும் சிறு கருவி இதைத் தடுக்கிறது; அது இல்லாமல் கரை மின்சாரத்தைத் தொடவே கூடாது.

இன்ஜினைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. குபோட்டா இன்ஜினை அடிப்படையாகக் கொண்டு பீட்டா மரைன் உருவாக்கும் டீசல் இன்ஜின்கள் கால்வாய்களெங்கும் ஓடுகின்றன. உதிரிப்பாகம் எளிதில் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் பழகியிருப்பார். மணிக்கு 4 மைல் என்ற வேகவரம்புக்குள் ஓடும்போது மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் டீசல் போதும். ஆனால் இன்ஜினுக்குப் பின்னால், உந்துதண்டு படகுக்கு வெளியே போகும் துளையில் ஒரு பித்தளைக் கழுத்து இருக்கிறது. அதற்குள் கிரீஸ் ஊறிய கயிறு சுற்றப்பட்டிருக்கும். ஒவ்வொரு நாள் ஓட்டம் முடிந்ததும் பின்தளப் பலகையைத் தூக்கி, குனிந்து, கிரீஸ் குப்பியின் பித்தளை மூடியைக் கை இறுகும்வரை ஒரு திருகோ இரண்டு திருகோ திருகினால், சொட்டிக்கொண்டிருந்த கால்வாய் நீர் மெல்ல நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் கழுத்தின் நட்டுகளைச் சீராக முடுக்க வேண்டும். மிகையாக முடுக்கினால் தண்டு சூடேறும். சில நொடி வேலைதான். அதை மறந்து, உள்ளே சேரும் நீரை வெளியேற்றும் தானியங்கிப் பம்பின் பேட்டரியும் தீர்ந்துவிட்டால், நிறுத்தி வைத்த படகுகூட மூழ்கும். படகைத் தள்ளும் சுழலியில் சிக்கும் துணி, கம்பி, பிளாஸ்டிக் பைகளை அகற்றுவதற்கான மேல்வாசலும் அப்படியே: திறந்த பின் அதன் மூடியைச் சரியாகப் பூட்டாததால் மூழ்கிய படகுகள் உண்டு.

மின்சாரத்தில்தான் ஒரு தமிழ் அடுக்களையின் தேவை படகின் வடிவமைப்போடு மோதுகிறது. 750 வாட் மிக்சி, இன்வெர்ட்டர் வழியாக 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 65 ஆம்பியருக்கும் மேல் இழுக்கிறது. சட்னி அரைக்கும் ஒரு நிமிடத்துக்குக் கவலை இல்லை; உளுந்து அரைக்கும் கிரைண்டரை அரைமணி நேரம் ஓட்டுவதென்றால் இன்ஜினையும் சேர்த்து ஓட்டுவது நல்லது. சாதாரண லெட் ஆசிட் பேட்டரிகளைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். லித்தியம் பேட்டரிக்கு மாறினால் கொள்ளளவின் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம். ஆனால் அதற்கேற்ப, இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைப் பாதுகாக்கும் சார்ஜரும் வேண்டும், உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏறாதபடி தடுக்கும் கட்டுப்பாடும் வேண்டும். கூரையில் பதித்த சோலார் தகடுகள் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தேவை முழுவதையும் கொடுத்துவிடுகின்றன. டிசம்பரில் அவற்றை நம்பிப் பயனில்லை. அப்போது நாள்தோறும் இன்ஜினை ஓட்டியே பேட்டரியை நிரப்ப வேண்டியிருக்கிறது. கரையில் நிறுத்தியிருக்கும்போது இரவு 8 மணிக்கு மேல் காலை 8 மணிவரை ஓட்டக் கூடாது என்பது விதி. அலுவலகம் போய்வருகிறவர்கள் இந்த நேரக் கணக்கை முன்னதாகவே போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சூடாக இருப்பதற்கு என் படகில் இருப்பது மோர்சோ ஸ்குவிரல் என்னும் டென்மார்க் வார்ப்பிரும்புக் கரியடுப்பு. இந்த மதிப்புரையில் நான் தயக்கமின்றிப் புகழும் ஒரே பொருள் அதுதான். புகையற்ற கரிக்கட்டிகளை இரவில் நிரப்பி, காற்றுத் துளையைக் குறுக்கி வைத்தால் காலைவரை கனல் அணைவதில்லை. வெளியே உறைபனி கொட்டினாலும் முன்னறை கதகதப்பாக இருக்கும். இட்லி மாவு பொங்குவதற்கு அதன் அருகே உள்ள அலமாரியைவிட நல்ல இடம் கிடையாது. படுக்கையறை பின்கோடியில் இருப்பதால் அங்கே சூடு போய்ச் சேர்வது கடினம். சூடான நீரை அடுப்பின் பின்பெட்டியிலிருந்து குழாய் வழியே செலுத்தும் ரேடியேட்டர் இருந்தால் இக்குறை நீங்கும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி தங்கும் வசதியுள்ள படகுகளில் 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். கரியடுப்பும் மூடிய ஜன்னல்களும் உள்ள இந்தச் சிறு கூட்டுக்குள், விதி இல்லாவிட்டாலும் நான் அதை மாட்டியிருப்பேன். சமையலுக்கான கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் அடித்தளத்தில் போய்த் தேங்கும் என்பதால், சிலிண்டர்களை, கசிவு வெளியேறத் துளை உள்ள தனி முன்பெட்டியில் வைக்கிறார்கள். குளிர்காலத்தில் பியூட்டேன் சரியாக ஆவியாகாது, ஆகவே புரொப்பேன் சிலிண்டரே வாங்க வேண்டும்.

அரிசி வேகும் நீராவி ஜன்னல்களின் உலோகச் சட்டங்களில் நீராகக் கோத்து வழிவதுதான் குளிர்காலத்தின் ஓயாத தொல்லை. மெத்தைக்கு அடியில் காற்றோட்டம் இல்லையென்றால் பூஞ்சணம் பிடிக்கும். படகின் உட்சுவரில் தெளித்து நுரைத்த காப்புப் பொருள் இருக்கிறதா, வெறும் தெர்மோகோல் பலகை இருக்கிறதா என்று வாங்கும் முன் கேளுங்கள். முன்னது எஃகோடு ஒட்டியிருப்பதால் ஈரம் உள்ளே புகுந்து துருவேற்றுவதில்லை.

தண்ணீரும் கழிப்பறையும் மறைக்காமல் சொல்ல வேண்டியவை. முன்பகுதியில் உள்ள தொட்டி ஏறத்தாழ 500 லிட்டர் கொள்ளும். கால்வாய் ஓரத்துக் குழாயில் ஹோஸ் மாட்டி நிரப்பிக்கொள்ளலாம், உறைபனி நாட்களில் அந்தக் குழாயும் உறைந்துவிடும். கேசட் வகைக் கழிப்பறை என்றால், சில நாட்களுக்கு ஒருமுறை அதன் கழிவுப் பெட்டியை இழுத்துச் சென்று குறிப்பிட்ட இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். பெரிய தொட்டி வகை என்றால் பணம் கொடுத்து உறிஞ்சி எடுக்கச் செய்ய வேண்டும். கால்வாய் உறைந்து படகு நகர முடியாமல் தொட்டியும் நிரம்பிவிட்டால் வேறு வழியில்லை. அதனால் என் ஓட்டு கேசட்டுக்கே. பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு படகை நகர்த்துவதும் தவறு: அதன் கூரிய விளிம்புகள் நீர்மட்டத்தில் பிளாக்கிங்கைச் சீவி எடுத்துவிடும்.

இனி அனுமதி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 2000 மைல் நீர்வழிகளைப் பராமரிப்பது, 2012இல் பிரிட்டிஷ் வாட்டர்வேஸிடமிருந்து பொறுப்பேற்ற கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட். அதன் உரிமம், மூன்றாம் தரப்புக் காப்பீடு, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய படகுப் பாதுகாப்புச் சான்றிதழ் ஆகிய மூன்றும் வேண்டும். தேம்ஸ் நதி இந்த உரிமத்துக்குள் வராது. நிலையான இடம் இல்லாதவர்கள், 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்காமல் உண்மையான பயணத்தில் இருக்க வேண்டும். நியாயமான காரணம் இருந்தால் மட்டுமே நீட்டிப்பு. சட்டத்தில் மைல் கணக்கு எதுவும் இல்லை. ஆனால் உரிமக் காலம் முழுதும் 15 முதல் 20 மைலுக்குள்ளேயே சுற்றி வந்தால் அதைப் பயணமாக டிரஸ்ட் ஏற்றுக்கொள்வது மிக அரிது. 2024 ஏப்ரல் முதல் இவர்களுக்கு உரிமக் கட்டணத்தின் மேல் கூடுதல் கட்டணமும் விதிக்கப்படுகிறது. ஒரே பள்ளி, ஒரே அலுவலகம் என்று வாழ்க்கை ஓரிடத்தில் கட்டுண்டவர்களுக்கு இது பெரும் சுமை. லண்டனில் வசிப்பதற்கு உரிய நிலையான நிறுத்துமிடம் ஆண்டுக்குப் பல ஆயிரம் பவுண்டு கேட்கிறது, அதுவும் எளிதில் கிடைப்பதில்லை. முகவரி இல்லாவிட்டாலும் குடும்ப மருத்துவரிடம் பதிவுசெய்யவும், ஓரிடத்தோடு தொடர்பு உண்டென்று அறிவித்து வாக்காளராகச் சேரவும் முடியும். வங்கிகளும் காப்பீட்டாரும் மட்டும் அவ்வளவு எளிதில் ஒத்துக்கொள்வதில்லை.

நவம்பர் முதல் மார்ச் வரை லாக் பழுதுபார்ப்புக்காக வழித்தடங்களை ஆங்காங்கே மூடுகிறார்கள். 2025 கோடையில் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றியதால் பல கால்வாய்கள் மூடப்பட்டன. எங்கே மாட்டிக்கொள்ளலாம், எங்கே கூடாது என்பதை முன்கூட்டியே யோசித்து நகர்கிறவருக்கு இவை இடையூறு மட்டுமே. அப்படி நகர்ந்தால் கிடைப்பது பெரிது. பிரென்ட்ஃபோர்டிலிருந்து பர்மிங்காம் வரை 137 மைல் நீளமும் 166 லாக்குகளும் கொண்ட கிராண்ட் யூனியன் கால்வாயில் மெல்ல ஏறிப் போவதும், 1805இல் திறந்த பிளிஸ்வொர்த் சுரங்கத்தின் இருட்டுக்குள் முன்விளக்கைப் போட்டு நுழைவதும், ஹாட்டனின் 21 லாக்குகளில் முன்பின் அறியாத ஒருவர் தானே வந்து கதவைத் தள்ளிக்கொடுப்பதும் நான் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் பெறாத அனுபவங்கள்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் ஆண்டு முழுதும் படகு வாடகைக்கு விடும் நிறுவனம் ஒன்றில் பிப்ரவரி மாதத்தில் ஒரு வாரம் எடுத்து வாழ்ந்து பாருங்கள். பிறகு ஒரு படகு பிடித்துப்போனால், விற்பவரோ தரகரோ சொல்லும் ஆளை விடுத்து நீங்களே ஒரு சர்வேயரை அமர்த்தி, படகை நீரிலிருந்து தூக்கி, அடித்தகடு முழுவதையும் அல்ட்ராசவுண்ட் கருவியால் அளக்கச் சொல்லுங்கள். தூக்கும் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும், இருந்தாலும் அறிக்கை கைக்கு வரும்வரை திரும்பப் பெறக்கூடிய முன்பணத்துக்கு மேல் ஒரு பவுண்டுகூடக் கொடுக்க வேண்டாம்.