துண்டு வெட்டி வந்த பிறகு: கிளினிக்கா, சனலிங்கா, வழமையான டொக்டரா?

நுரையீரலில் நீர் கோத்து வார்டில் கிடந்த அப்பாவை துண்டு வெட்டி, அதாவது டிஸ்சார்ஜ் செய்து, வீட்டுக்குக் கூட்டி வந்ததும் முதலில் யாரிடம் காட்டுவது என்று எழுந்த கேள்வி இது. நாங்கள் முதலில் போனது ஆரையம்பதியில் வழமையாகக் காட்டும் டொக்டரிடம். இப்போது யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்கைக் குறை சொல்லவில்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையோ களுவாஞ்சிக்குடியோ, பார்ப்பதும் மருந்தும் இலவசம், ஈசிஜியும் அங்கேயே. விடிய எழும்பிப் போய்க் கொப்பி வைக்கிற கதை எல்லோருக்கும் தெரியும், விடுங்கள். சிக்கல் என்னவென்றால் திகதி சில கிழமை தள்ளித்தான் விழும், குழப்பம் எல்லாம் வீட்டுக்கு வந்த முதல் கிழமையிலேயே வந்துவிடும். சனலிங்கில், அதாவது தனியார் இடத்தில் நம்பர் எடுத்தால், கிளினிக்கில் பார்க்கும் அதே பெரிய டொக்டரைப் பின்னேரமே காணலாம், காசுதான். ஆனால் அவருக்கு அப்பாவின் பழைய வருத்தங்கள் தெரியாது, அதைச் சொல்லி முடிக்க முதல் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது குளிசைப் பைதான். வீட்டில் பழைய குளிசைகள் ஒரு பை, வார்டில் தந்தது இன்னொரு பை. எங்கள் டொக்டர், வார்டில் வருத்த விபரம் எழுதித் தந்த டயக்னோசிஸ் கார்டை வாசித்துவிட்டு இரண்டு பையையும் மேசையில் கொட்டச் சொன்னார். பாமசியில் வாங்கின பெட்டியில் கம்பனிப் பெயர் பெரிதாகவும் லொசாட்டன் என்பது பொடி எழுத்திலும் இருந்தது, ஆஸ்பத்திரிப் பக்கெட்டில் லொசாட்டன் என்று மட்டும் பேனையால் எழுதியிருந்தது. இரண்டும் ஒரே பிரஷர் குளிசை, அப்பா இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். எழும்பி நிற்க ஏன் தலை சுற்றுகிறது என்பது அப்போதுதான் விளங்கியது. மூட்டு வலிக்கு எப்போதோ வாங்கி வைத்த டைக்குளோபெனக்கையும் எடுத்து ஒதுக்கிவிட்டார், அது உடம்பில் நீரைத் தேக்கும், சிறுநீரகத்துக்கும் கூடாதாம். நீர் போகத் தந்த புரூசமைட்டைக் காலையில் போடச் சொன்னார், இரவில் போட்டால் நித்திரை இல்லாமல் பாத்ரூமுக்கு நடக்கத்தான் சரி. தினமும் விடிய நிறை பார்த்து எழுதவும், பொட்டாசியத்துக்கும், சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியேட்டினினுக்கும் இரத்தம் சோதிக்கவும் துண்டு எழுதித் தந்தார். இவ்வளவும் அவரால் முடிந்ததற்குக் காரணம், அப்பா என்னென்ன போடுகிறவர், எதைச் சொல்லாமல் மறைக்கிறவர் என்று அவருக்குத் தெரிந்திருந்ததுதான்.

அதற்காகக் கிளினிக் திகதியை விட்டுவிடாதீர்கள். நாங்களும் போனோம், எங்கள் டொக்டர் எழுதின குளிசைப் பட்டியலைக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு. ஒப்பரேஷன் செய்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் விஷயத்தில் எனக்கு அனுபவம் இல்லை. அப்படியானவர்கள் அதைச் செய்த ஆஸ்பத்திரிக்கே முதலில் போவதுதான் சரி என்று நினைக்கிறேன். சிலர் வழமையாகக் காட்டும் டொக்டரின் டிஸ்பென்சரியில் பெயர் எழுதாத கவரில் குளிசை போட்டுக் கொடுப்பார்கள், அங்கே நான் சொன்ன லாபம் பாதிதான், பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இரவில் படுக்க முடியாமல் மூச்சு முட்டினால் மட்டும் எந்த டொக்டருக்கும் காத்திருக்க வேண்டாம், 1990 என்ற நம்பருக்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.