அம்மாவின் ரேடியோவும் பஞ்சிகாவத்தையும்

டொரன்டோவிலிருந்து ஒன்றரை மாத லீவில் கொழும்புக்கு வந்திருந்தேன். வெள்ளவத்தையில் அக்கா வீடு, அம்மாவும் அங்கேதான். வாரத்தில் 2 நாள் அத்தான் அம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிப் போவார். காலி வீதி நெரிசலில் ஒரு மணித்தியாலம் காருக்குள் சும்மா இருப்பதுதான் அம்மாவுக்குப் பெரிய கரைச்சல். வீட்டில் விடிந்தால் ரேடியோ போட்டுத்தான் தேத்தண்ணி வைப்பவர் அவர். காரிலோ ஒரு சத்தமும் இல்லை.

கார் 2013 டொயோட்டா அக்சியோ, ஜப்பானில் ஓடிப் பிறகு இங்கே வந்தது. அதில் இருந்த ரேடியோச் செற், பற்றரி மாற்றிய நாளிலிருந்து ஜப்பான் எழுத்தில் மெமரி கார்டைக் கேட்டபடி நிற்கிறது. அது வேலை செய்த காலத்திலும் சூரியன், சக்தி என்ற தமிழ் ரேடியோக்கள் அதில் எடுபட்டதில்லை. அந்தக் காலத்து ஜப்பான் செற்றில் எஃப்.எம். 76 இலிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். எங்களுக்கு 87.5 இலிருந்து 108. இந்தத் தமிழ் நிலையங்கள் 100-க்கு மேலே இருப்பதால் அந்த முள் அங்கே எட்டவே எட்டாது. அன்ரெனாவுக்கும் செற்றுக்கும் இடையில் ஒரு சின்னப் பெட்டி பூட்டி அலைவரிசையை இறக்கிக் கேட்கலாம். 18 குறைக்கிற பெட்டி என்றால் 103 இல் வருவது 85 இல் கேட்கும். ஆனால் திரையில் ஒரு எண், ரேடியோவில் சொல்வது இன்னொரு எண் என்றால் அம்மாவுக்குக் குழப்பம். புதுச் செற்றே போடுவோம் என்று முடிவெடுத்தேன்.

2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 இல்தான் திரும்ப விட்டார்கள். அந்த 5 வருடமும் ஆட்கள் இருக்கிற காரையே பேணி வைத்திருந்தார்கள். அத்தானும் அப்படித்தான். அவர் பொத்திப் பொத்தி வைத்திருக்கிற காரில் கை வைக்கும்போது எனக்கும் கொஞ்சம் பயம்தான்.

முதலில் வீட்டுக்குக் கிட்ட ஒரு கடைக்குப் போனோம். பளபளப்பான கடை, குளிரூட்டி, குடிக்க நெஸ்கஃபே. 7 அங்குல அண்ட்ரொயிட் செற் ஒன்றை ஒரு மணித்தியாலத்துக்குள் பூட்டித் தந்தார்கள். யூடியூபில் பாட்டுப் போட்டுக் காட்டினார்கள், சத்தமும் நன்றாகவே இருந்தது. சரி என்று காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். எஃப்.எம். போட்டுப் பார்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை, அவர்களும் போட்டுக் காட்டவில்லை.

அடுத்த நாள் காலை பம்பலப்பிட்டி தாண்டும்போது அம்மா ரேடியோ போடச் சொன்னார். இரைச்சல் மட்டும். எங்கோ தூரத்தில் ஒருவர் செய்தி வாசிப்பதுபோல ஒரு குரல் வந்து அமிழ்ந்தது. அதோடு ஒவ்வொரு தடவை சாவி போடும்போதும் செற் எழும்ப முக்கால் நிமிடம். திரும்பக் கடைக்குப் போனால், "இந்த ஏரியாவில் சிக்னல் இல்லை" என்றார்கள். கொழும்பு நடுவில் நின்றுகொண்டு சிக்னல் இல்லை என்பதை எப்படி நம்புவது? எனக்கு உண்மையாகவே மனம் நொந்தது.

அத்தானின் சிநேகிதர் ஒருவர் பஞ்சிகாவத்தைக்குப் போகச் சொன்னார். மருதானைப் பக்கம், கார்ச் சாமான்களுக்கென்றே பேர் போன இடம். பம்பர், லைட், கதவு என்று தெருவோரம் முழுக்க அடுக்கி வைத்திருப்பார்கள். அன்று போயா, பௌர்ணமி லீவு, கடைகள் பூட்டு. மறுநாள் விடியப் போனோம். ஒரு சின்னக் கடை, உள்ளே ஒரு மேசைதான். தமிழ் பேசுகிற முஸ்லிம் தம்பி ஒருவர், 25 வயது இருக்கும். அவர் செற்றைத் தொட முதல் கேட்டது ஒன்றுதான்: "ஆரு கேக்கிற ரேடியோ, என்ன கேப்பாங்க?"

பனலை நகம் படாமல் பிளாஸ்டிக் நெம்பியால் கழற்றினார். உள்ளே பார்த்ததும் நாக்கைச் சப்புக் கொட்டினார். டொயோட்டாவின் 10 பின் சொக்கற்றுக்கு நேரே செருகுகிற வயர் கட்டு சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. அதைப் போடாமல் காரின் சொந்த வயர்களையே வெட்டி, முறுக்கி, ரேப் சுற்றி விட்டிருந்தார்கள். மஞ்சள் வயரில் எந்நேரமும் மின் இருக்க வேண்டும், சிவப்பில் சாவி திருப்பினால் மட்டும். முதல் கடையில் இரண்டையும் ஒன்றாக முறுக்கிச் சாவிப் பக்கம் கொடுத்திருந்தார்கள். அதனால்தான் சாவியை எடுத்ததும் செற் முழுசாகச் செத்து, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எழும்பியது.

"இஞ்ச பாருங்க அண்ணே" என்று ஒரு நீல வயரை விரலில் தூக்கிக் காட்டினார். எங்கேயும் கொழுவாமல், நுனி ரேப்போடு அப்படியே தொங்கியது. அக்சியோவின் கூரை அன்ரெனா அடியில் சிக்னலைப் பெருக்குகிற ஒரு பூஸ்டர் இருக்கிறது. நீல வயரால் அதற்கு மின் போகாவிட்டால் பூஸ்டர் உறங்கிவிடும், அன்ரெனா இருந்தும் இல்லாத மாதிரி. அதைக் கொழுவிய அந்த நொடியில் இரைச்சல் அறுந்து தமிழ்க் குரல் காருக்குள் தெளிவாக விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதோடு விடவில்லை. செற்றின் ரேடியோ வட்டாரம் அமெரிக்கா என்று இருந்ததை ஐரோப்பாவுக்கு மாற்றினார். அமெரிக்க அமைப்பில் 103.1, 103.3 என்று தாவுமே ஒழிய 103.2 இல் நிற்காது. வெட்டிய வயர்களை ஒவ்வொன்றாக ஈயம் பற்றவைத்து, புது வயர் கட்டுப் போட்டார். டொயோட்டாவில் செற் பூட்டுகிற இடம் 200 மில்லிமீற்றர், சாதாரண செற்றைவிட அகலம் என்பதால் முதல் கடைக்காரர்கள் விட்டிருந்த இடைவெளிக்குப் பக்கத் துண்டுகளும் வைத்தார். பனலை மூட முதல் 4 கதவு ஸ்பீக்கரையும் தனித்தனியே கேட்டுப் பார்த்தார். இரண்டரை மணித்தியாலம். கூலி 5,000 ரூபாய், வயர் கட்டுக்குத் தனியாக. மேலே கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார்.

ஊர் வந்து கார் செற் போட நினைப்பவர்கள், பனல் திறந்திருக்கும்போதே எஃப்.எம். கேட்டுப் பாருங்கள். வயரை வெட்டுவீர்களா, சொக்கற் போடுவீர்களா என்று காசு கொடுக்க முதல் கேளுங்கள்.

கிளம்பும்போது அம்மா முன் சீற்றில் இருந்து, "கொஞ்சம் கூட்டு தம்பி, வலது காது மந்தம்" என்றார். அந்தத் தம்பி சத்தத்தைக் கூட்டவில்லை. யன்னலால் குனிந்து, திரையில் விரல் வைத்து, சத்தத்தை இடது கதவுப் பக்கம் நகர்த்தினார். "இப்ப கேக்குதா அம்மா?" அம்மா தலையாட்டிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார். செய்தி தொடங்கியிருந்தது.