கேஸ் குறையவில்லை: ஒரு ஃப்ரீசர் அறையோடு ஏழு ஆண்டுகள்

2018இல் தூத்துக்குடியில் எங்கள் மீன் கடைக்காகப் பத்தடிக்கு எட்டடியில் ஒரு ஃப்ரீசர் அறை போட்டோம். சுவர் 100 மில்லிமீட்டர் பஃப் பேனல் (வெப்பம் புகாத நுரைப் பலகை), வெளியே 3 குதிரைத்திறன் கம்ப்ரசர், உள்ளே இரட்டை விசிறி வைத்த காயில் (அறையைக் குளிர்விக்கும் தகடு வைத்த குழாய்ச் சுருள்), அதற்குள் ஓடும் குளிரூட்டும் கேஸ் ஆர் 404ஏ. சீலாவும் இறாலும் கணவாயும் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். ஏழு ஆண்டுகளில் பெரும்பாலும் அப்படித்தான் இருந்திருக்கின்றன. 2020 ஐப்பசியில் தொடங்கி மறு சித்திரை வரையிலான ஆறு மாதங்களை மட்டும் நான் மறக்க மாட்டேன்.

மழைக் காலத்தில் அறை மைனஸ் 14க்குக் கீழே இறங்க மறுத்தது. அப்போது எங்களுக்குப் பழக்கமாயிருந்த மெக்கானிக் வந்து அழுத்தம் காட்டும் கேஜை மாட்டினார். வழக்கமாக 22, 23 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) காட்டும் சக்ஷன், அதாவது கம்ப்ரசருக்குள் கேஸ் திரும்பி வரும் பக்கத்து அழுத்தம், 10இல் நின்றது. "அண்ணாச்சி, கேஸ் குறைந்துவிட்டது" என்று சொல்லி ஏற்றினார். இரண்டு நாள் அறை நன்றாகக் குளிர்ந்தது. பிறகு பழைய கதை. இப்படி மூன்று முறை கேஸ் ஏற்றினோம். மூன்று முறையும் எங்கே கசிகிறது என்று நானும் கேட்கவில்லை, அவரும் தேடவில்லை.

சித்திரை வெயிலில் டிஸ்சார்ஜ், அதாவது கம்ப்ரசரிலிருந்து கேஸ் வெளியேறும் பக்கத்து அழுத்தம், 390 பிஎஸ்ஐக்கு ஏறி, ஹை பிரஷர் ஸ்விட்ச் மெஷினை நிறுத்திவிட்டது. உள்ளே முந்நூறு கிலோவுக்கு மேல் இறால். அன்றிரவு ஐஸ் ஆலையில் பல காலம் வேலை பார்த்த பெரியவர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் கேஜோடு ஒரு தெர்மாமீட்டரும் கொண்டு வந்திருந்தார். அதன் ஒயரைக் காயிலிலிருந்து வெளியேறும் குழாயில் டேப் வைத்து ஒட்டினார். கேஜ் முள்ளைப் பார்ப்பதற்கு முன்பே அவர் காயிலின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். மேல் பாதித் தகடுகள் சுத்தமாக இருந்தன. கீழ்ப் பாதி முழுவதும் கண்ணாடி போல இறுகிய ஐஸ், தகடுகளுக்கு நடுவே ஊசி நுழைய இடமில்லை. காயிலில் சேரும் ஐஸை உருக்கும் டிஃப்ராஸ்ட் ஹீட்டர் மூன்றில் ஒன்று எரிந்து போயிருந்தது. கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு ஒயராக மாட்டிப் பார்த்ததும், ஒரு ஒயரில் கரண்டே இல்லை என்பது தெரிந்துவிட்டது.

கேஸ் ஏற்றிய பிறகு இரண்டு நாள் குளிர்ந்தது எப்படி என்ற கேள்விக்கும் அவரே விடை சொன்னார். ஒவ்வொரு முறையும் மெஷினை நிறுத்தி, கதவைத் திறந்து போட்டு, இரண்டு மணி நேரம் வேலை பார்த்தார்கள். ஐஸ் தானாக உருகியது. குளிர்ந்ததற்குக் காரணம் அதுதான். தேவையில்லாமல் ஏற்றிய கேஸ், திரவம் தங்கும் தொட்டியான ரிசீவரை நிரப்பி, மிச்சம் வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சருக்குள் திரவமாகத் தேங்கிக் கிடந்தது. குளிர்ந்த மாதங்களில் அது வெளியே தெரியவில்லை, கோடை வந்ததும் பிரஷராக வெளிப்பட்டது.

அழுத்தத்தை மட்டும் பார்க்காமல், அதற்குரிய வெப்பநிலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நான் கற்றது அன்றுதான். ஆர் 404ஏ கேஸுக்கு 23 பிஎஸ்ஐ என்றால் காயிலுக்குள் ஏறத்தாழ மைனஸ் 24 டிகிரி. அறை மைனஸ் 18 என்றால் இடைவெளி 6 டிகிரி, அது சரி. 10 பிஎஸ்ஐ என்றால் மைனஸ் 34. அறையோ மைனஸ் 14. இடைவெளி 20! காயில் அவ்வளவு குளிர்ந்தும் அந்தக் குளிர் அறைக்கு வரவில்லை. இதற்குக் காரணம் காற்று போகாததாகவும் இருக்கலாம், காயிலுக்குப் போதிய கேஸ் வராததாகவும் இருக்கலாம். கேஜ் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். குழாயில் ஒட்டிய தெர்மாமீட்டர்தான் பிரித்துச் சொல்லும். எங்கள் குழாய் மைனஸ் 32 காட்டியது. காயிலுக்குள் இருப்பதைவிட வெளியேறும் குழாய் எவ்வளவு கூடுதல் சூடு என்ற வித்தியாசத்தைத்தான் சூப்பர்ஹீட் என்கிறார்கள். எங்களுக்கு அது வெறும் 2 டிகிரி. கேஸ் குறைவாக இருந்தால் காயிலின் முதல் சில குழாய்களிலேயே அது ஆவியாகி முடிந்து, வெளியேறும் குழாய் பத்துப் பதினைந்து டிகிரி கூடுதலாகச் சூடேறியிருக்கும். எங்களுக்கோ வெள்ளை உறைபனி கம்ப்ரசரின் வால்வு வரை படர்ந்திருந்தது. திரவம் கம்ப்ரசருக்குள் போகும் நிலை அது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் கம்ப்ரசரே போயிருக்கும்.

ஹீட்டரை மாற்றினோம். கூடுதல் கேஸைக் காற்றில் விடாமல் ரெகவரி மெஷின் வைத்து சிலிண்டரில் எடுத்தார். எடை போடும் தராசு அவரிடம் இருந்தது. கார்பன் டை ஆக்சைடைப் போல 3,900 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் கேஸ் இது. வால்வைத் திறந்து விட்டுவிடலாம் என்று சொல்பவரை நான் அதற்குப் பிறகு உள்ளே விடுவதில்லை.

2022இல் உண்மையாகவே கேஸ் கசிந்தது. அப்போது வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. சக்ஷன் 6, டிஸ்சார்ஜும் வழக்கத்துக்குக் கீழே, திரவம் ஓடுவதைக் காட்டும் சைட் கிளாஸில் ஓயாத குமிழ்கள், காயிலின் தொடக்கத்தில் மட்டும் உறைபனி. குழாய்களை இணைக்கும் ஒரு ஃபிளேர் நட்டைச் சுற்றி எண்ணெய்க் கறை. சோப்பு நுரை வைத்ததும் குமிழ் கிளம்பியது. நட்டைப் புதிதாகப் போட்டு, நைட்ரஜன் ஏற்றிக் கசிவைச் சோதித்து, ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரை மாற்றி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வாக்யூம் எடுத்து, எடை பார்த்துத் திரவமாகக் கேஸ் ஏற்றினார்கள். மூன்று கேஸ்களின் கலவை இது என்பதால் ஆவியாக ஏற்றினால் விகிதம் மாறிவிடும். அதன்பின் ஒரு கிராம்கூட ஏற்றவில்லை.

டிஸ்சார்ஜ் பற்றி ஒரு சொல். விடியற்காலையில் 240, மே மாத மதியம் 310 என்று காட்டினால் இரண்டும் சரிதான், வெளிவெப்பம் மாறுகிறது. அதே மதியம் 360 என்றால் நான் முதலில் கண்டென்சரைப் பார்ப்பேன். கடற்காற்றின் உப்பும் மீன் சந்தைத் தூசியும் அலுமினியத் தகடுகளில் பசை போல ஒட்டுகின்றன. மாதம் ஒருமுறை உள்ளிருந்து வெளியே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுகிறோம். அப்படியும் ஓரத் தகடுகள் பொடிந்துவிட்டன. கடற்கரை ஊர்க்காரர்கள் தொடக்கத்திலேயே பூச்சு பூசிய கண்டென்சரைக் கேட்டு வாங்குங்கள். நாங்கள் பணம் மிச்சம் என்று விட்டுவிட்டோம், அது தவறு.

பேனல்கள் இன்றும் புதிது போலவே இருக்கின்றன. கதவு ரப்பரை இரண்டு முறை மாற்றியாயிற்று. வாசலில் பிளாஸ்டிக் திரை தொங்கவிட்ட பிறகு காயிலில் ஐஸ் சேர்வது கண்கூடாகக் குறைந்தது.

கம்ப்ரசருக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அறை, வெளிவெப்பம், சக்ஷன், டிஸ்சார்ஜ், குழாய் வெப்பநிலை ஆகிய ஐந்தையும் வாரம் இருமுறை என் மகள் எழுதுகிறாள். யார் வேலைக்கு வந்தாலும், கேஜை மாட்டுவதற்கு முன் அதைத்தான் முதலில் கையில் கொடுக்கிறேன்.