ஃபாலோ-அப் சி.டி.யில் கேட்காமலே எடுக்கும் 'ட்ரிபிள் ஃபேஸ்': கவனமாக இருங்கள்

பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சி.டி. எடுத்து வருபவர். டாக்டர் சீட்டில் எழுதியது 'கான்ட்ராஸ்ட் சி.டி., வயிறு' (உறுப்புகள் தெளிவாகத் தெரிய மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கும் சி.டி.), அவ்வளவுதான். ஸ்கேன் சென்டரில் பிளெயின் (ஊசிக்கு முன்), ஆர்ட்டீரியல் (மருந்து தமனிகளில் இருக்கும்போது), போர்ட்டல் வீனஸ் (மருந்து கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரைக்கு வந்த பிறகு) என்று ஒரே வயிற்றை மூன்று தடவை எடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்படி எடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு 'ஃபேஸ்'. ஏன் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

விஷயம் கதிர்வீச்சு அளவைக் காட்டும் டோஸ் ஷீட்டில் தெரிந்தது. சி.டி. படங்களோடு சேர்ந்தே வரும் பக்கம் அது, சி.டி. எடுத்த எல்லோரும் கேட்டு வாங்கிப் பாருங்கள். டி.எல்.பி. (ஒரு தடவை எடுக்கும்போது ஸ்கேனர் கொடுத்த மொத்தக் கதிர்வீச்சின் கணக்கு) என்ற பத்தியில் 590, 600, 610 என்று மூன்று எண்கள். மொத்தம் 1800. வயிறு-இடுப்புக்கு 0.015ஆல் பெருக்கினால் உடலுக்குக் கிடைத்த கதிர்வீச்சு தோராயமாக 27 மில்லிசீவர்ட். ஒரே ஃபேஸ் என்றால் 9தான். (நடுவில் வரும் மிகச் சிறிய எண், கான்ட்ராஸ்ட் ரத்தக்குழாய்க்கு வந்துவிட்டதா என்று பார்க்கும் டிராக்கர். அதை ஃபேஸ் கணக்கில் சேர்க்காதீர்கள்.)

கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் சுமார் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாகப் போகிறது. ஊசி போட்டு 70 நொடி வாக்கில் எடுக்கும் போர்ட்டல் படத்தில் கல்லீரல் நன்றாக வெளுத்திருக்கும். குடலிலிருந்து பரவிய கட்டிகள் அதில் கறுப்பாகத் தெரியும். இந்த நோய்க்கு வழக்கமான ஃபாலோ-அப்பில் அந்த ஒரு ஃபேஸே போதும். 35 நொடியில் எடுக்கும் ஆர்ட்டீரியல் படம் பெரும்பாலும் புதிதாக எதையும் காட்டாது. வம்பைத்தான் இழுத்து வரும். இவருக்கும் அதுதான் நடந்தது: கல்லீரல் ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி, 'பரவலா என்று பார்க்கவும்' என்று ரிப்போர்ட், பிறகு எம்.ஆர்.ஐ., அதற்கு இன்னொரு ஊசி. கடைசியில் அது வெறும் ரத்த ஓட்ட வித்தியாசம். நடுவில் அந்தக் குடும்பம் தூங்கியிருக்குமா?

எல்லா ஃபேஸும் வீண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோய்க்கு ஆர்ட்டீரியல், போர்ட்டல், டிலேய்டு (சில நிமிடம் தாமதித்து எடுப்பது) மூன்றும் வேண்டும். முதலில் வெளுத்துப் பின்னால் கறுப்பதுதான் அங்கே அடையாளமே. நியூரோஎண்டோகிரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கும் ஒரு வகை செல்களில் தோன்றுவது), சிறுநீரகப் புற்றுநோய் இரண்டிலும் ஆர்ட்டீரியலில் மட்டும் பளிச்சென்று தெரியும் பரவல் உண்டு. சிறுநீர்ப் பாதைப் புற்றுநோய்க்குச் சில நிமிடம் கழித்து எடுக்கும் படம் தேவை.

அதனால் டேபிளில் படுப்பதற்கு முன்பே "எத்தனை ஃபேஸ், எதற்காக?" என்று கேளுங்கள். 'எங்கள் புரோட்டோகால் அப்படித்தான்' என்பது பதில் ஆகாது. ரேடியாலஜிஸ்ட்டிடம் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். நீங்களாகவே ஃபேஸைக் குறைக்கச் சொல்ல வேண்டாம். சீட்டில் எந்த உறுப்பில் எந்த வகைப் புற்றுநோய், அறுவை, கீமோ விவரம், வேண்டிய ஃபேஸ் எல்லாவற்றையும் டாக்டரிடமே எழுதி வாங்குங்கள். பழைய சி.டி.யின் படங்களையும் கொண்டு போங்கள், ரிப்போர்ட் மட்டும் போதாது. போன தடவை போர்ட்டலில் அளந்த கட்டியை இந்தத் தடவை ஆர்ட்டீரியலில் அளந்தால், வளராத கட்டி வளர்ந்ததாகவும் சுருங்காதது சுருங்கியதாகவும் எழுத இடமிருக்கிறது. கீமோவை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அந்த அளவை வைத்துத்தான்.