கல்யாணத்துக்குப் படம் எடுக்க வரப்போவது யார் என்று எழுதி வாங்குங்கள்

தங்கையின் கல்யாணத்துக்கு அமர்த்திய ஸ்டுடியோ எங்களை ஏமாற்றிவிட்டது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலை அப்படியே வேறு யாருக்கும் நடக்கலாம். அதனால் விவரமாக எழுதுகிறேன்.

பேசப் போனபோது அருமையான ஒரு ஆல்பத்தைக் காட்டினார்கள். மாலை வெயிலில் மணமக்கள், பின்னால் மங்கலாகத் தெரியும் விளக்குகள், எல்லா முகத்திலும் சிரிப்பு. "நானே வந்து எடுத்துக் கொடுக்கிறேன்" என்றார் உரிமையாளர். அம்மா மறுபடியும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். அட்வான்ஸ் கொடுத்தோம். ரசீதில் ஸ்டுடியோவின் பெயர் இருந்தது, படம் எடுக்கப்போகிறவரின் பெயர் இல்லை.

கல்யாணத்தன்று வந்தவர் நாங்கள் அதுவரை பார்த்தே இராத ஒரு இளைஞர். போன் செய்தால், "நம்ம பையன்தான், நல்லா எடுப்பான், கவலைப்படாதீங்க" என்று பதில். உரிமையாளர் அன்று வேறொரு கல்யாணத்தில் இருந்தார் என்பது பிறகு தெரிந்தது. ஒரே தேதிக்குப் பல பேரிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, பெரிய இடத்துக்குத் தான் போவது, மற்ற இடங்களுக்கு நாள் கூலிக்கு ஆள் அனுப்புவது. இந்தத் தொழிலில் இது புதிதல்ல. வந்த தம்பியின் மேல் எனக்குக் கோபமே இல்லை. மணப்பெண்ணின் அப்பா யார் என்றுகூட அவருக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. கையில் ஒரு கேமரா, ஒரு சாதாரண ஜூம் லென்ஸ்.

அந்த லென்ஸ்தான் பாதிப் படங்களைக் கெடுத்தது. மண்டபத்துக்குள் கண்ணுக்கு வெளிச்சம் போதும்போலத் தெரிந்தாலும் கேமராவுக்குப் போதாது. கல்யாணம் எடுப்பவர்கள் எஃப் 2.8 அல்லது அதைவிட அகலமாகத் திறக்கும் லென்ஸ் வைத்திருப்பது அதனால்தான் (இந்த எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு அகலம்). எஃப் 5.6 வரை மட்டுமே திறக்கும் லென்ஸில் அதில் கால்பங்கு வெளிச்சம்தான் உள்ளே போகும். அதை ஈடுகட்டப் பெரும்பாலும் ஷட்டரை மெதுவாக்க, அதாவது கூடுதல் நேரம் திறந்து வைக்க, வேண்டிவரும். எங்களுக்கு வந்த ஃபைல்களின் விவரங்களைத் திறந்து பார்த்தேன். பல படங்கள் நொடியில் 30-ல் ஒரு பங்கு வேகத்தில் எடுக்கப்பட்டவை. அந்த வேகத்தில் ஒருவர் தலையைத் திருப்பினாலே முகம் கலங்கிவிடும். தங்கை அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுத படம் அப்படித்தான் போனது. எந்த எடிட்டிங்கும் அதைச் சரிசெய்யாது.

அதைவிடப் பெரிய அடி, சடங்கின் முக்கியமான பகுதி மொத்தமாக இல்லாமல் போனது. "கார்டு கரப்ட் ஆயிடுச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். மெமரி கார்டு பழுதாவது நடக்கக்கூடியதுதான். அதற்காகத்தான் இரண்டு கார்டு போடும் கேமராக்கள் இருக்கின்றன. எடுக்கும் ஒவ்வொரு படமும் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி வைத்துக்கொள்ளலாம், ஒன்று போனாலும் மற்றது இருக்கும். திரும்ப நடத்த முடியாத ஒரு நிகழ்ச்சிக்கு ஒற்றைக் கார்டோடு ஆள் அனுப்பியதை விபத்து என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

படங்கள் வரவும் மாதக்கணக்கில் இழுத்தார்கள். வந்தவையும் நீளவாக்கில் 1600 பிக்சல். போனில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் 12-க்கு 18 அங்குலத்தில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் அச்சடிக்க 3600-க்கு 5400 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமரா தருவதே சுமார் 6000-க்கு 4000. அதாவது முழு அளவு ஃபைல் அவர்களிடம் இருக்கிறது. அது வேண்டுமென்றால் தனியாகப் பணமாம்! முதலில் பேசியபோது இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்புறம்தான், எங்களுக்குக் காட்டிய மாதிரிப் படங்களை அவர்களின் பக்கத்திலிருந்து எடுத்து, படத்தைக் கொடுத்து இணையத்தில் தேடினேன். அவற்றில் சில வேறொரு நாட்டுப் போட்டோகிராஃபருடையவை.

அதனால் யாரிடம் பேசினாலும், பொறுக்கி எடுத்த அழகான படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மாடல்களை நிறுத்தி நிதானமாக எடுத்த படம்கூட அதில் இருக்கும். ஒரே கல்யாணத்தை, அதுவும் உள்ளரங்கில் நடந்ததை, தொடக்கம் முதல் முடிவு வரை முழுசாகக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு வரப்போகிற அதே ஆள் எடுத்ததாக இருக்க வேண்டும். இருட்டில் என்ன செய்கிறார், கூட்டத்தில் பெரியவர்களைக் கவனிக்கிறாரா, முக்கியமான நொடி ஒவ்வொன்றும் இருக்கிறதா என்று அதில்தான் தெரியும். காட்டத் தயங்கினால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் எடுப்பவர் பெயர் வேண்டும். அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் வருவார், அது பிடிக்காவிட்டால் பணம் திரும்ப வருமா என்பதும் வேண்டும். இரண்டு கார்டு, மாற்றுக் கேமரா, முழு அளவு ஃபைல், கொடுக்கும் தேதி, எல்லாம் எழுத்தில். கடைசித் தவணையை முழு அளவு ஃபைல்களைத் திறந்து பார்த்த பிறகு கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள். எங்களிடம் மிச்சப் பணம் கொஞ்சம் இருந்ததால்தான் இன்றுவரை போனையாவது எடுக்கிறார்கள்.

உரிமை பற்றியும் ஒரு வரி சேருங்கள். இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே படத்தின் முதல் உரிமையாளர். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பொதுவாக எடுத்தவருக்கே உரிமை. எந்த நாடாக இருந்தாலும், உங்கள் வீட்டுப் படங்களை விளம்பரத்துக்குப் போடலாமா என்பதை நீங்கள் சொல்லும்படி எழுதி வையுங்கள்.

ஏற்கெனவே "கார்டு போச்சு" என்ற பதிலோடு நிற்பவர்களுக்கு: உடனே எழுத்தில் செய்தி அனுப்பி, அந்தக் கார்டில் வேறு எதையும் எடுக்க வேண்டாம், கார்டையே எங்களிடம் கொடுங்கள் என்று கேளுங்கள். அழிந்த ஃபைல்களின் மேல் புதிதாக எதுவும் பதியாதவரை மீட்பு மென்பொருளாலோ, தரவு மீட்பவர்களாலோ பல நேரம் திரும்ப எடுக்க முடியும். நாங்கள் கேட்டபோது அந்தக் கார்டு அடுத்தடுத்த கல்யாணங்களுக்குப் போய்விட்டிருந்தது.